சில்வர் கேரவனும் வாத்து மெஷினும்

சில்வர் கேரவன் எங்கள் கடைக்கு வருவதற்கு வெகு நாள் முன்பே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. சோறு போட்டால் அதைப் பற்றிப் பேச்சு, ஆலயத்துக்குப் போகிற வழியில் அதைப் பற்றிப் பேச்சு. என் மருமகன் எபிசன் பேசுவான். மகள் ஜெஸ்பின் காது கேட்காதவள்போல் இருப்பாள். நடுவில் நான் அவளுக்கும் சேர்த்து ‘ம்’ கொட்டுவேன்.

எபிசன் வேறு யாருமில்லை, என் தம்பி மகன். கல்யாணம் முடிந்த கையோடு பஹ்ரைன் போனவன். அங்கே ஒரு பெரிய மாலில் விளையாட்டுக்கூடம். அதில் பின்பால் மெஷின்களைப் பழுது பார்க்கிற வேலை. பின்பால் என்றால் என்ன என்று எனக்கும் அவன் சொல்லித்தான் தெரியும். சின்னக் கட்டில் மாதிரி காலூன்றிச் சரிவாக நிற்கிற ஒரு பெட்டி. மேலே கண்ணாடி. உள்ளே ஓர் இரும்புக் குண்டு. கம்பியை இழுத்து விட்டால் குண்டு மேலே பாய்ந்து, விளக்கிலும் மணியிலும் முட்டி முட்டிக் கீழே இறங்கும். கீழே இரண்டு தட்டைகள் இருக்கும். பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் அவை குண்டைத் தட்டி மறுபடி மேலே அனுப்பும். இரண்டுக்கும் நடுவில் குண்டு விழுந்துவிட்டால் போச்சு. ஒரு டோக்கனுக்கு மூன்று தடவை குண்டு வரும். அவ்வளவுதான் ஆட்டம். இதற்குப்போய் ஒரு மனுசன் வெளிநாடு போய் வேலை பார்த்தானா என்று கேட்காதீர்கள். பார்த்தான். இரண்டு பிள்ளைகள் பிறந்ததையும் அவன் போனில்தான் பார்த்தான்.

அந்தக் கூடத்தை மூடியபோது முதலாளி பழைய மெஷின் மூன்றை இவனுக்கே கொடுத்துவிட்டார். ஊர்க்காரர்கள் கம்பளியும் மிக்சியும் அனுப்புகிற கண்டெய்னரில் இவன் அந்த மூன்றையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். கன்னியாகுமரியில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒரு சந்தில் கடை போட்டோம். ஒன்று கார் ரேஸ் மெஷின், ஒன்று சர்க்கஸ் மெஷின், ஒன்று வாத்து மெஷின். முன்பக்கம் அடுப்பு வைத்து டீயும் ஏத்தன்பழ பஜ்ஜியும் ஜெஸ்பின் பொறுப்பு. டோக்கன் கொடுக்கிற மேசையில் நான். கொட்டாரம் ஊரில் எங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்து டிவி பார்ப்பதைவிட இது நல்ல பொழுதுபோக்கு. நாலு ஊர் முகம் பார்க்கலாம்.

ஆனால் வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. பழைய முதலாளி பஹ்ரைனிலேயே மனாமாவில் புதுக்கூடம் திறக்கிறார். எபிசனுக்கு விசா வைத்திருக்கிறார். ஐயப்ப சீசன் முடிகிறவரை கடையைப் பார்ப்பது, தேறாது என்றால் எபிசன் திரும்பப் போவது என்று புருசனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள். அவன் போகக்கூடாது என்பதுதான் ஜெஸ்பின் மனசு. அதை அவள் வாயால் சொல்லமாட்டாள். அவள் அப்பா மாதிரி. பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள், அவ்வளவுதான்.

கடை நன்றாக ஓடியது என்று சொல்லமுடியாது. ஓடவில்லை என்றும் சொல்லமுடியாது. வாத்து மெஷினில் எப்போதும் ஆள் நின்றது. அதில் வரிசையாகத் தகர வாத்துகள். குண்டு பட்டால் ஒவ்வொன்றாகச் சாயும். எல்லாம் சாய்ந்ததும் ஒரே நேரத்தில் எழுந்து ‘குவாக்’ என்று கத்தும். கறுப்பு வேட்டி கட்டி மாலை போட்ட சாமிமார்கூட அந்தச் சத்தத்துக்குச் சிரித்துவிடுவார்கள். யாருக்கும் ஒன்றும் விளக்கிச் சொல்லவேண்டாம். வாத்தைப் பார்த்தால் அடிக்கவேண்டும் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

எபிசனுக்கு அது போதவில்லை. ஆலயத்தில் ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது யாரோ கேட்டிருக்கிறார்கள், “என்ன மக்கா, பஹ்ரைனை விட்டுட்டு வந்து வாத்து மேய்க்கியாமே?” என்று. அது அவனுக்கு முள்ளாகத் தைத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் சத்தியராஜ் வந்து சேர்ந்தார்.

மார்த்தாண்டத்துக்காரர். கத்தாரில் கான்ட்ராக்ட் எடுத்து நன்றாக இருந்து, இப்போது ஊரோடு வந்துவிட்டார். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, நாலு அடி தள்ளியே வருகிற சென்ட் வாசனை. எங்கள் மூன்று மெஷினையும் சுற்றி வந்து பார்த்தார். வாத்தில் ஓர் ஆட்டம் ஆடினார். பிறகு எபிசன் தோளில் கையைப் போட்டார்.

“நீ நல்ல டெக்னீசியனாக்கும்னு பார்த்தாலே தெரியுது. பின்னே எதுக்கு இந்த வாத்தைக் கொண்டு முன்னால வச்சிருக்க?”

“அதுலதான் சார் கூட்டம்.”

“கூட்டம் பஸ் ஸ்டாண்டிலயும்தான் நிக்கி. மதிப்புன்னு ஒண்ணு வேண்டாமா? எங்கிட்ட ஒரு சில்வர் கேரவன் கெடக்கு.”

எபிசன் கையில் இருந்த துடைக்கிற துணி கீழே விழுந்தது. நான் பார்த்தேன்.

“ஒரிஜினலா சார்?”

“பின்னே என்ன டூப்ளிகேட்டா? உனக்கு வேணுமா, சொல்லு. வாத்தையும் காரையும் எங்கிட்டத் தா. கேரவனை நீ எடுத்துக்கோ. இந்தியாவுல வேற எவன் கடையிலயும் அது கெடயாது.”

அன்றிலிருந்துதான் வீட்டில் அந்தப் பேச்சு. சில்வர் கேரவன் என்பதும் ஒரு பின்பால் மெஷின்தானாம். உலகத்திலேயே கொஞ்சம்தான் செய்தார்களாம். செய்துகொண்டிருக்கும்போதே கம்பெனி மூடிவிட்டதாம். அமெரிக்காக்காரர்கள் அதற்கு அலைகிறார்களாம். சிறந்த மெஷின்கள் என்று யார் சொன்னாலும் அதில் இது இருக்குமாம்.

“நீ அதுல ஆடியிருக்கியாலே?” என்று கேட்டேன்.

“எங்க மாமி ஆடக் கெடைக்கும்? போட்டோ பார்த்திருக்கேன். வீடியோ பார்த்திருக்கேன்.”

“அந்த வீடியோவுல ஆடுதானா?”

“சுத்திக் காட்டுதான்.”

ஜெஸ்பின் ஒரு சருவப் பானையைச் சத்தமாக வைத்தாள்.

ஒரு நாள் மூன்று பேருமாக மார்த்தாண்டம் போனோம். பெரிய வீடு. சத்தியராஜின் மனைவி பெமிலா பால் விடாத கட்டன்சாயாவும் முந்திரிக்கொத்தும் கொண்டுவந்து வைத்தாள். நல்ல பெண். ஹாலில் சுவரை அடைத்து ஒரு ஷோகேஸ். தங்கக்கரை போட்ட டின்னர் செட், கூஜா, வாசனைக்குப்பிகள், பெட்டி பிரிக்காத ஒரு பொம்மை. எங்கள் பக்கம் வெளிநாட்டுப் பணம் வந்த வீடுகளில் இது இல்லாமல் இருக்காது. நல்ல சாதனம் வந்தால் ஷோகேசுக்குள் போகும். விருந்தாள் வந்தால் ஸ்டீல் தட்டில்தான் சோறு. நான் குறை சொல்லவில்லை. எபிசன் முதல் தடவை கொண்டுவந்த ஜூஸ் கிளாஸ் செட்டில் இன்றுவரை யாரும் ஒரு மிடறு குடித்ததில்லை, என் வீட்டிலும்தான்.

கேரவனுக்குத் தனி அறை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மெஷினுக்குக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். சத்தியராஜ் அதை, புது மணவாட்டியின் முகத்தை மூடிய நெட் துணியைத் தூக்குகிற மாதிரி மெதுவாகத் தூக்கினார்.

பொய் சொல்லக்கூடாது. அழகு. நீல இரவு, மணல், நிலா, வெள்ளி ஒட்டகங்கள் வரிசை. அந்த ஒட்டகக் கூட்டம்தான் கேரவனாம். நட்டநடுவில் ஒரு குட்டி வெள்ளி அரண்மனை. அதற்குத் திறந்து மூடுகிற கதவு. சுவிட்சைப் போட்டதும் அரண்மனை ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. நானே வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எபிசன் மூச்சு விட்டானா என்று தெரியாது.

“நீங்க இதுல ஆடுவேளா?” என்று பெமிலாவிடம் கேட்டேன்.

“நாங்க தொடமாட்டோம் அக்கா. தூசி தட்டுகதுகூட அவியதான்.”

“பின்னே எதுக்கு இப்போ குடுக்கிய?”

சத்தியராஜ்தான் பதில் சொன்னார். “மகனும் மருமவளும் பிள்ளைகளும் தோஹாவுல இருந்து கிறிஸ்துமஸுக்கு வருதாங்க. பிள்ளைகளுக்கு ஆட ஏதாவது வேணும்லா. அதுக்காக்கும் உங்க வாத்து.”

“அப்போ இது ஆடுததுக்கு இல்லியா?”

“இதுலயா? அய்யோ அக்கா, இது கலெக்சன் ஐட்டம். பிள்ளைங்க கையைக் கொண்டு வச்சா மதிப்பு போயிரும்.”

நான் ஜெஸ்பினைப் பார்த்தேன். ஜெஸ்பின் என்னைப் பார்த்தாள். எபிசன் அரண்மனை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது மாடு வாங்கி விற்றவர். கறவைமாடு வாங்கப்போனால் விலை பேசுவதற்கு முன்பு, விற்கிறவன் தொழுவத்திலேயே குத்தவைத்து அவரே கறந்து பார்ப்பார். ஒரு சாயங்காலம், அடுத்த நாள் ஒரு காலை. கொம்பு அழகு, நெற்றிச் சுட்டி, இதெல்லாம் அப்புறம். கறக்கவிடாதவன் மாட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். எனக்கு அந்தப் பழக்கம். அப்படியே சொல்லிவிட்டேன்.

“கறந்து பாக்காம ஒண்ணும் முடிக்காண்டாம். கடையில கொண்டு வச்சு நாலுபேரு ஆடட்டும். பெறகு பேசலாம்.”

“மாமி, இது என்ன மாடா?” எபிசனுக்கு முகம் சிவந்துவிட்டது.

சத்தியராஜுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரித்துவிட்டார். “செரி அக்கா, கறந்து பாருங்க. டெம்போவுல அனுப்பி வைக்கேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால நான் வருவேன், அப்போ தீர்மானம் சொல்லிரணும். ஆனா ஒண்ணு. உறை போட்டே இருக்கணும். கண்டவன் கை படப்பிடாது.”

“உறை போட்டுட்டு எங்க கறக்க?” என்றேன்.

“அதெல்லாம் நான் பார்த்துக்கிடுதேன் சார்,” என்று எபிசன் என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

வந்தது. கடையில் நட்டநடுவில் வைத்தான். வாத்து ஒரு மூலைக்குப் போனது. வாசலில் பெரிய பிளெக்ஸ் கட்டினான். எங்கள் சபை உபதேசியாரை அழைத்து ஜெபம் பண்ண வைத்தான். அவரும் பாவம், ஒட்டகத்தைப் பார்த்துவிட்டு, குழந்தை இயேசுவைப் பார்க்கச் சாஸ்திரிகள் வந்த வேதப் பகுதியை வாசித்தார்.

கூட்டம் வந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். உறைக்கு முன்னால் நின்று செல்பி எடுத்தார்கள். “உலகத்துலயே கொஞ்சம்தானாம்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நாகர்கோவிலில் இருந்து காலேஜ் பையன்கள் பைக்கில் வந்து வீடியோ எடுத்தார்கள். எடுத்து முடித்துவிட்டு மூலைக்குப் போய் வாத்து மெஷினில் வரிசையில் நின்றார்கள். அந்த மூலையில் இடம் பற்றாமல் நிறையப் பேர் திரும்பிப் போனார்கள்.

“அத்தான், கூட்டம் வருது. ஆடல. பாத்துட்டுப் போவுது,” என்றாள் ஜெஸ்பின்.

“பொறு. பேரு பரவட்டும்.”

“பரவி? ஆட வந்தவன் பிளாஸ்டிக்கைப் பாத்துட்டுப் போவானா?”

“தாஜ்மஹாலை எவன் ஆடிப் பாக்கான்?”

“அப்போ டிக்கெட்டு அடிச்சிட்டு வாசல்ல போய் நில்லுங்க. நான் எதுக்கு இங்க எண்ணெய்ல வேவுதேன்?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது.”

“எனக்குத் தெரியாண்டாம். சீசன் முடிஞ்சா யாரு பிளைட் ஏறுவான்னு மட்டும் எனக்குத் தெரியும்.”

அவள் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தது அன்றைக்குத்தான். கடைக்குள் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் எழுந்து போய் உறையை உருவிச் சுருட்டி மேசைக்கு அடியில் போட்டேன்.

“மாமி!”

“சும்மா இருலே. குண்டைப் போடு.”

கோயம்புத்தூரில் இருந்து வந்த ஒரு குடும்பம்தான் முதலில் ஆடியது. அப்பாக்காரர் கம்பியை இழுத்து விட்டார். குண்டு மேலே போய் வெள்ளி அரண்மனையில் ‘டங்’ என்று முட்டியது. முட்டின வேகத்தில் நேராக இறங்கி, இரண்டு தட்டைக்கும் நடுவில் போய் விழுந்தது. அடுத்த குண்டும் அப்படியே. அரண்மனை நட்டநடுவில் நிற்பதால் அதில் பட்டது எல்லாம் நேரே குழிக்குத்தான் வரும். எபிசன் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டே இருந்தான். “மொதல்ல கிணத்துல தண்ணி எடுக்கணும் சார், பெறகு ஒட்டகத்தை அவுக்கணும், பெறகு வியாபாரியைச் சேக்கணும்...” அவன் வியாபாரிக்கு வருவதற்குள் மூன்று குண்டும் போய்விட்டது.

“நல்லா அழகா இருக்குங்க,” என்று சொல்லிவிட்டு அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாத்துக்குப் போனார்.

யார் வந்தாலும் அதே கதை. எல்லாரும் அழகு என்றார்கள். இன்னொரு டோக்கன் யாரும் கேட்கவில்லை.

“இவங்களுக்கு இதோட ஆழம் தெரியல,” என்றான் எபிசன்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம் நடக்கும். காணிக்கையாக வந்த காய்கனியை ஆலயத்து முற்றத்தில் ஏலம் விடுவார்கள். ஒரு வருசம் ஒரு சாதாரணத் தடியங்காய்க்கு, வெள்ளைப் பூசணிதான், இரண்டு வீட்டுக்காரர்கள் போட்டி போட்டு, தங்கம் விலைக்குக் கொண்டு போய்விட்டார்கள். எடுத்தவர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுத்த நாள் அவர் மனைவியிடம் கேட்டேன், “எப்படி இருந்துது?” என்று. “தடியங்காய் மாதிரிதான் இருந்துது,” என்றாள். அது ஆண்டவருக்குப் போகிற பணம், அதனால் பரவாயில்லை. இந்தக் கேரவன் விஷயத்தில் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. அதை எபிசனிடம் சொன்னேன். அவன் ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் சத்தியராஜ் டெம்போவோடு வந்தார். பெமிலாவும் வந்திருந்தாள். வாத்தையும் காரையும் ஏற்றிக்கொண்டு போகிற எண்ணம். உறை இல்லாமல் கேரவன் நிற்பதைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

அப்போது ரேஷ்மி ஆடிக்கொண்டிருந்தாள். பக்கத்து லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிற பிள்ளை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போவாள். வாத்து மெஷினில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எபிசன்தான் அவளிடம், “நீ ஒருதரம் கேரவனை ஒழுங்கா ஆடிக் காட்டு பிள்ள, இவங்க பாக்கட்டும்” என்று கேட்டு நிறுத்தியிருந்தான். அவனுக்கு அது கடைசி நம்பிக்கை.

ரேஷ்மி முதலில் இரண்டு குண்டை அரண்மனையில் விட்டுப் பறிகொடுத்தாள். பிறகு அரண்மனைப் பக்கமே போகவில்லை. இடதுபுறம் வளைந்து ஏறுகிற ஒட்டகப் பாதை ஒன்று உண்டு. அதில் ஏற்றினாள். குண்டு சுற்றி வந்து வலதுபக்கத் தட்டைக்கே வந்து நின்றது. மறுபடி ஏற்றினாள். மறுபடி.

“எபிசன் அண்ணே, இந்தப் பாதையிலயே விட்டுட்டிருந்தா போதும். மத்ததெல்லாம் சும்மா நிக்கி.”

“அப்படி ஆடப்பிடாது பிள்ள,” என்றார் சத்தியராஜ். “எல்லாத்தையும் தொட்டு ஆடணும். அதுலதான் ரசனை.”

“எதுக்கு சார்? அங்க தொட்டா சில்லறை, இங்க தொட்டா லெச்சம்.”

உண்மைதான். அந்தப் பாதையில் ஏற ஏற, எண்கள் மேலே மேலே ஓடின. ஒவ்வோர் ஒட்டகமாக விளக்கு எரிந்தது. சத்தியராஜுக்கும் பொறுக்கவில்லை. கிட்டே வந்தார். “எல்லா ஒட்டகமும் எரிஞ்சா கேரவன் பட்டணம் போய்ச் சேரும். அந்தக் காட்சி ஒண்ணுக்குத்தான் இதுக்கு இத்தனை பேரு.”

“நீங்க பாத்திருக்கியளா?” என்று கேட்டேன்.

“அவ்வளவு தூரம் நான் ஆடல அக்கா. கேட்டிருக்கேன்.”

மூலையில் வாத்து ஆடிக்கொண்டிருந்தவர்களும் வந்துவிட்டார்கள். ஜெஸ்பின் ஜல்லிக்கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். ரேஷ்மிக்குச் சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும்; அவளுக்கு அந்த நினைப்பே இல்லை. கடைசி ஒட்டகமும் எரிந்தது.

மெஷினில் இருந்த விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தது. கொம்பு ஊதுகிற சத்தம். மேலே எண்கள் ஓடின திரையில் பட்டணத்துக் கோட்டைவாசல் வந்தது. ஒட்டகங்கள் ஒவ்வொன்றாக அதை நோக்கி நடந்தன. கீழே வெள்ளி அரண்மனையின் கதவும் மெதுவாகத் திறந்தது. திரையில் வாசல் திறந்தது.

பிறகு திரை கறுத்தது. கொம்பு பாதியில் நின்றது. அரண்மனைக் கதவு சாத்திக்கொண்டது. எண்கள் மட்டும் திரும்ப வந்தன.

ரேஷ்மி குண்டைத் தட்டையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டே நின்றாள். “இப்போ என்ன செய்யணும்?”

அவள் ஒட்டகப் பாதையில் விட்டுப் பார்த்தாள். எண் நகரவில்லை. கிணற்றில் விட்டாள், அரண்மனையில் விட்டாள். ஒரு விளக்கும் எரியவில்லை, ஒரு மணியும் அடிக்கவில்லை. வெறும் பலகையில் குண்டு உருளுகிற சத்தம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே கையை எடுத்தாள். குண்டு விழுந்தது.

“கரண்டு போயிட்டா?” என்றாள் பெமிலா.

“சாமி, அவ்வளவுதானா?” என்று ஓர் ஐயப்ப சாமி கேட்டார். யாரோ சிரித்தார்கள்.

“பழுதா இருக்கும். ஒரு நிமிசம்,” என்று எபிசன் கண்ணாடியைக் கழற்றினான். வயர்களைத் தொட்டுப் பார்த்தான், அணைத்துப் போட்டான், மறுபடி அணைத்துப் போட்டான். எல்லாம் சரியாக இருந்தது. நெற்றி வேர்த்துவிட்டது. பஹ்ரைனில் அவனோடு வேலை பார்த்த ஷிஹாப் என்கிற கொல்லத்துக்காரனுக்குப் போன் போட்டு, கையில் திருப்புளி இருந்ததால் ஸ்பீக்கரில் விட்டான்.

கேட்டதும் அந்தப் பையன் ஒரே சிரிப்பு. “அளியா, பழுது ஒண்ணும் இல்ல. அதுக்குக் கடைசி கெடயாது. கம்பெனி பூட்டுனப்போ புரோகிராம் எழுதுறவன் பாதியில எழுந்து போனான். வந்ததெல்லாம் அப்படித்தான் வந்துது. ஆடுறவனுக்கெல்லாம் தெரியுமே.”

“பின்னே இவ்வளவு பேரு எப்படிடா?”

“கொஞ்சம்தானே உண்டு, அதுதான் பேரு. வாங்குனவன் பூட்டி வச்சிருப்பான். ஆடித் தெரிஞ்சவன் சொன்னா, பொறாமைன்னு சொல்லுவாங்க. எடா, நல்ல படம், நல்ல பெட்டி. கையில ஆட ஒண்ணும் இல்ல. நீ வாங்கிட்டியா?”

எபிசன் போனை அணைத்தான். ஆனால் எல்லாருக்கும் கேட்டிருந்தது. சத்தியராஜுக்கும்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த மனுசன் ஏமாற்ற நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்த ஒவ்வொரு விருந்தாளுக்கும் அந்த உறையைத் தூக்கிக் காட்டியவர். அவருக்கும் இது இன்றைக்குத்தான் தெரியும்.

“அதுக்கொண்ணும் மதிப்பு கொறயாது,” என்றார் கடைசியில். “எண்ணிக்கை கம்மியான சாதனம். நாளைக்கு ஒருத்தன் கேட்டு வருவான். எபிசன், நீ சொல்லு. டெம்போ நிக்கி. வேணுமா, வேண்டாமா?”

ஜெஸ்பின் அடுப்புக்குப் போய்விட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, மாவை அவள் போடவில்லை.

எபிசன் கேரவனைப் பார்த்தான். எனக்கு அவனைத் தெரியும், சின்னதிலிருந்தே தெரியும். அப்போதும் அவனுக்கு அது வேண்டும். முடிவு இல்லை என்று தெரிந்த பிறகும் அந்த ஜன்னல் விளக்கைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். நான் ஏதாவது சொல்லியிருப்பேன், வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“சார், இதைக் கடையில வச்சா நான் இதுக்குக் காவல்தான் நிக்கணும்,” என்றான். “காவல் நிக்கதுக்கு பஹ்ரைன்லயே சம்பளம் தருவான். வாத்து இங்க நிக்கட்டும். காரும் நிக்கட்டும்.”

“பின்னே வாத்துதான் உனக்குச் செரி, என்னா?”

“ஆமா சார். நாலுபேரு ஆடுதாங்க.”

சத்தியராஜ் டெம்போக்காரனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். நான் மேசைக்கு அடியிலிருந்து உறையை எடுத்து மடித்துக் கொடுத்தேன்.

பெமிலா என் பக்கத்தில் வந்து மெதுவாக, “அக்கா, ஒரு டோக்கன் தருவியளா?” என்றாள்.

“ஏட்டி பெமிலா, நேரமாச்சு,” என்றார் அவர்.

“ஒண்ணு ஆடிட்டு வாறேன். எத்தன வருசமா வீட்டுல கெடக்கு, நான் ஒரு நாள் தொட்டதுண்டா?”

கேரவன் முன்னால் போய் நின்றாள். சேலை முந்தியை இடுப்பில் செருகினாள். கம்பியை இழுத்து விட்டாள். குண்டு அரண்மனையில் முட்டி நேராக விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. “போயிட்டு,” என்றாள். இன்னொரு டோக்கன் கேட்டாள். கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு வாத்துக்குப் போனாள். ஒரு வாத்து சாய்ந்தது. இன்னொன்று சாய்ந்தது. எல்லாம் சாய்ந்து ஒரேயடியாக எழுந்து ‘குவாக்’ என்றதும் அவள் போட்ட கூச்சலில் சந்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இஞ்ச பாருங்க,” என்று புருசனைக் கூப்பிட்டாள். “அதுக்குப் போயா நாம இத்தன வருசம் ஏசி போட்டு வச்சோம்?”

“வண்டில ஏறு,” என்றார் சத்தியராஜ். ஏறும்போது அவள், “பிள்ளைங்க வந்ததும் இங்க கூட்டிட்டு வாறேன் அக்கா” என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

டெம்போ போன பிறகு கடை நடுவில் வெறும் இடமாக இருந்தது. எபிசன் வாத்தை இழுத்து அங்கே கொண்டுவந்து வைத்தான். மட்டம் பார்த்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். அரபியும் இந்தியும் கலந்து பேசினான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வந்து ஜெஸ்பின் பக்கத்தில் நின்றான்.

“வேற ஆள் பார்த்துக்கிடச் சொல்லிட்டேன்.”

“யாருகிட்ட?”

“முதலாளிகிட்ட.”

“சீசன் முடியல்லியே.”

“முடிஞ்சா என்ன? முடியாட்டா என்ன? நான் போவல.”

ஜெஸ்பின் திரும்பவில்லை. மாவில் பழத்தை முக்கி எண்ணெயில் போட்டாள். அது பொரிந்து மேலே வந்தது. அதைத் திருப்பிப் போட்டாள். இன்னும் ஒன்று போட்டாள். கண்ணைத் துடைத்தாளா, புகையா என்று எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. டோக்கனுக்கு ஆள் நின்றது.

“கார் மெஷின்ல சைடு விளக்கு ரெண்டு நாளா எரியல,” என்றாள் அவள். “நின்னு பாத்துட்டு இருக்காம அதைப் போய்ச் செரி பண்ணுங்க.”

எபிசன் திருப்புளியை எடுத்துக்கொண்டு போனான்.